ஒன்பதாம் வகுப்பில் தொலைகிற பிள்ளைகள்



ஒவ்வொரு மே மாதமும் தேர்வு முடிவுகள் வருகின்றன. தேர்ச்சி விகிதம் தொண்ணூறைத் தாண்டிவிட்டது என்று தொலைக்காட்சியில் ஓடுகிறது. 2023-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி 94.03 சதவீதம். மகிழ்ச்சிதான். ஆனால் அதே ஆண்டு மார்ச் 13-ஆம் தேதி, அந்தத் தேர்வின் முதல் நாளில், தமிழ்த் தாள் எழுத வந்திருக்க வேண்டியவர்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் வரவில்லை. பள்ளிக்கே நீண்ட நாள் வராத பலருடைய பெயர் பட்டியலில் இருந்ததுதான் காரணம் என்று அப்போது விளக்கம் சொன்னார்கள். இரண்டு மூன்று நாள் செய்தியாக இருந்தது, பிறகு மறந்துவிட்டோம்.

அந்த ஐம்பதாயிரம் பேர் 94 சதவீதக் கணக்குக்குள் வரமாட்டார்கள். எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று மட்டும்தான் அந்தக் கணக்கு கேட்கிறது. எழுத வராதவர்கள் தோற்றவர்களும் இல்லை, வென்றவர்களும் இல்லை. அரசின் எந்தச் சாதனைப் புள்ளிவிவரத்தையும் அவர்கள் கெடுப்பதில்லை.

அவர்கள் எல்லோரும் நம் தெருப் பிள்ளைகள் என்று நான் சொல்லவில்லை. எல்லாச் சாதியிலும் ஏழைகள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு சேரியில் ஆறு மாதம் வேலை செய்து பாருங்கள். பதினான்கிலிருந்து பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகள் பகல் பதினொரு மணிக்கு எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு வேலைநாளில் எண்ணிப் பாருங்கள். நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று புரியும்.

உதவி எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது

தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்கு எந்த உதவியும் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நம்முடைய உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்குப்படி 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. இதற்குப் பின்னால் சத்துணவு, விலையில்லாப் புத்தகம், பேருந்துப் பயண அட்டை, விடுதி, இட ஒதுக்கீடு என்று பல தலைமுறை உழைப்பு இருக்கிறது. அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. இந்த உதவிகளையெல்லாம் வயது வரிசையில் அடுக்கிப் பார்த்தால், நடுவில் ஒரு பள்ளம் தெரிகிறது. அதைத்தான் பேச வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு வயது முதல் பதினான்கு வரை கல்வி அடிப்படை உரிமை. பதினான்கு முடிந்ததும் அந்த உரிமை முடிந்துவிடுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்தினார்கள். பதினான்கு வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கவே கூடாது என்றார்கள், ஆனால் குடும்பத் தொழில் என்றால் விலக்கு உண்டு. பதினான்கு முதல் பதினெட்டு வரை ஆபத்தான தொழில்களில் மட்டும் தடை. ஆகவே பதினைந்து வயதுப் பையன் டீக்கடையில் கிளாஸ் கழுவினால் சட்டம் அவனைத் தேடி வராது. பள்ளியில் சேர் என்று கட்டாயப்படுத்தவும் வராது.

சத்துணவு பத்தாம் வகுப்போடு நிற்கிறது. காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைதான். சைக்கிள் பதினோராம் வகுப்பில் கிடைக்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022-இலும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் வந்தன. இரண்டும் கல்லூரிக்குப் போன பிறகு கிடைப்பவை. நல்ல திட்டங்கள்தான், நம் பிள்ளைகள் பலர் அதனால் படிக்கிறார்கள். ஆனால் ஆற்றைத் தாண்டி அக்கரைக்கு வந்தவர்களுக்குத்தான் அந்தப் பணம். ஒன்பது, பத்து வகுப்புப் பட்டியல் சாதி மாணவர்களுக்கு 2012 முதல் ஒன்றிய அரசின் உதவித்தொகை இருக்கிறது. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய். ஒரு பையன் சென்ட்ரிங் வேலைக்குப் போனால் அதைச் சில நாட்களில் கொண்டுவந்துவிடுவான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஏன் ஒன்பதாம் வகுப்பு?

நம் பிள்ளைகளில் பெரும்பாலானோர் எட்டாம் வகுப்பு வரை படிப்பது பக்கத்திலிருக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில். வாத்தியாருக்கு அப்பா பெயர் தெரியும், சத்துணவு ஆயாவுக்கு அம்மாவைத் தெரியும். ஒன்பதாம் வகுப்புக்கு வேறு ஊர் போக வேண்டும். உயர்நிலைப் பள்ளி பெரும்பாலும் ஊருக்குள் இருக்கும், அல்லது பேருந்து ஏறிப் போகிற தூரத்தில் இருக்கும். அங்கே போக ஊர்த் தெருவைக் கடக்க வேண்டும். பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். யார் எந்தக் கலர் கயிறு கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துப் பேச வேண்டும். எட்டு வரை கட்டாயத் தேர்ச்சியில் வந்த பிள்ளை, எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறினால், முதல் முறையாக நாற்பது பேர் முன்னால் அவமானப்படுவதும் அங்கேதான்.

ஒரு பையன் ஒன்பதாம் வகுப்பில் மூன்று வாரம் போய்விட்டு நின்றுவிட்டான். அவன் வீட்டுக்குப் போனபோது அவன் அம்மா சொன்னார்: "நான் சொன்னா கேக்க மாட்டேங்குறான் தம்பி. நீ வேணா கேட்டுப் பாரு." அவனிடம் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. கடைசியில் சொன்னான்: "அங்க என் பேரை யாரும் கேக்கல அண்ணா. எந்தத் தெருன்னுதான் கேட்டாங்க." பாடம் கடினம் என்றோ பணம் இல்லை என்றோ அவன் சொல்லவில்லை. ஆனால் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே எழுதப்பட்ட காரணம் 'ஆர்வமின்மை'.

'இடைநிற்றல்' என்ற சொல்லிலேயே எனக்குச் சண்டை இருக்கிறது. பிள்ளை தானாக நடுவழியில் நின்றுவிட்டது போல அது ஒலிக்கிறது. நிறுத்தியவர்கள் அந்தச் சொல்லில் இல்லை. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட வேண்டும் என்ற நெருக்கடியில், ஒன்பதாம் வகுப்பு முடிவிலேயே படிக்கத் திணறும் பிள்ளையின் பெற்றோரை அழைத்து, "டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க, வேற எங்கயாவது சேருங்க" என்று நயமாகச் சொல்கிற பள்ளிகள் உண்டு. அந்த 'வேற எங்கயாவது' என்பது பல சமயம் செங்கல் சூளை.

சூளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வட மாவட்டங்களிலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு சூளைக்குப் போகிறவர்கள், பொங்கலையொட்டிக் கிளம்பினால் மழை தொடங்கும் வரை அங்கேதான். பொதுத்தேர்வு மார்ச், ஏப்ரலில். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கம் நூற்பாலைகளில் பெண் பிள்ளைகளை மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தம் செய்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்ததை நாடே பேசியது. பெயர் மறைந்தாலும் புரோக்கர் இன்னும் ஊருக்கு வருகிறார். பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில், தோற்றுப்போன பெண்ணின் வீட்டுக்குத்தான் முதலில் வருகிறார். நம்மில் யாராவது அவருக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறோமா?

வன்முறையும் ஒரு காரணம்

2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவரோடு படித்த மாணவர்கள். அதற்கு முன்பே, தொல்லை தாங்காமல் அந்த மாணவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். ஏன் வரவில்லை என்று கேட்டபோது தொல்லை கொடுத்தவர்களைப் பற்றிச் சொன்னார். அதன் பிறகுதான் அரிவாள் வந்தது. அவர் உயிர் பிழைத்து, அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் தேறினார் என்பது நமக்கெல்லாம் பெருமை. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே பதினோராம் வகுப்புத் தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த மாணவரைக் கீழே இழுத்து வெட்டினார்கள். அவருடைய விரல்கள் துண்டாயின.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கலர் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி வேண்டாம், பள்ளிப் பெயரில் சாதி வேண்டாம், வகுப்பில் அகரவரிசைப்படி உட்கார வையுங்கள், பள்ளி நல அலுவலரை நியமியுங்கள் என்றெல்லாம் அது சொன்னது. கயிறு பற்றி மட்டும் ஊரெல்லாம் விவாதம் நடந்தது. பிள்ளைகள் பயமில்லாமல் போய்ச் சொல்ல ஒரு ஆள் பள்ளியில் இருக்க வேண்டும் என்பதுதான் என் பார்வையில் அறிக்கையின் உயிர். அதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

நாம் என்ன செய்கிறோம்?

ஜூன் மாதம் நம் அமைப்புகள் கல்வி விழா நடத்துகின்றன. ஐந்நூறுக்கு நானூற்றைம்பது எடுத்த பிள்ளைக்குக் கேடயம், சால்வை, அண்ணல் படம் போட்ட புத்தகம். செய்ய வேண்டியதுதான், அந்தப் பிள்ளை அதற்குத் தகுதியானது. ஆனால் அதே தெருவில் இருபத்தெட்டு மார்க் வாங்கி ஒரு பாடத்தில் தவறிய பிள்ளை, அன்று ஒலிபெருக்கிச் சத்தத்தை வீட்டுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. தேர்ச்சிக்கு வேண்டியது முப்பத்தைந்து. இன்னும் ஏழு மார்க். கேடயம் வாங்கிய பிள்ளை நாம் இல்லாவிட்டாலும் படித்துவிடும். அந்த ஏழு மார்க்குக்குத்தான் ஆள் வேண்டும்.

நம் சுவர்களில் எழுதியிருக்கிற முழக்கம் 'கற்பி' என்று தொடங்குகிறது. 'படி' என்று தொடங்கவில்லை. கற்பி என்பது படித்தவனைப் பார்த்து இடுகிற கட்டளை. அந்த மரபு நமக்குப் புதிதும் இல்லை. சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அம்பேத்கர் 1924-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவைத் தொடங்கியபோது, அது முதலில் செய்த வேலைகளில் ஒன்று சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. பிள்ளை படிக்க வேண்டுமென்றால் தங்க இடமும் சாப்பாடும் பக்கத்தில் ஒரு பெரியவரும் வேண்டும் என்பதை அவர்கள் அன்றே அறிந்திருந்தார்கள்.

இந்த ஜூனில் தொடங்கக்கூடிய வேலை

கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு, உங்கள் தெரு அளவில் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். நான்கைந்து பேர் போதும்.

முதலில் ஒரு நோட்டு. உங்கள் குடியிருப்பில் பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ள ஒவ்வொரு பிள்ளையும் எந்த வகுப்பு, எந்தப் பள்ளி, போகிறதா இல்லையா என்று எழுதுங்கள். இந்த நோட்டு உங்களோடு இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் படம் எடுத்துப் போடாதீர்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகள் பற்றிய விவரம் டீக்கடைப் பேச்சாகக் கூடாது. அவர்கள் வீட்டுக்குப் பெண் தோழர்களே போகட்டும்.

இரண்டாவது, மூன்று நாள் கணக்கு. தொடர்ந்து மூன்று நாள் பள்ளிக்குப் போகாத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாள் யாராவது போக வேண்டும். ஒரு வாரத்தில் பிள்ளையைத் திரும்ப அழைத்துப் போவது எளிது. ஒரு மாதம் கழிந்தால் கையில் சம்பளமும் மொபைலும் வந்துவிடும். பிறகு நீங்கள் பேசுவது அவன் காதில் ஏறாது. போனதும் அறிவுரை சொல்லாதீர்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள்.

மூன்றாவது, எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போகிற பிள்ளைகளைத் தனித்தனியே அனுப்பாதீர்கள். சேர்க்கை நாளில் நீங்களும் பெற்றோரோடு போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். "இவங்க எங்க தெருப் பிள்ளைங்க சார், ஏதாவதுன்னா எங்களைக் கூப்பிடுங்க" என்று சொல்லி எண்ணைக் கொடுங்கள். கேட்க ஆள் இருக்கிறது என்று பள்ளிக்கும் தெரிய வேண்டும், பிள்ளைக்கும் தெரிய வேண்டும். முதல் மாதம் மூத்த பிள்ளைகளோடு சேர்ந்து போய்வர ஏற்பாடு செய்யுங்கள்.

நான்காவது, காகிதங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு. இந்த மூன்றில் ஒன்றில் பெயரின் இனிஷியல் மாறியிருந்தாலும் உதவித்தொகை நின்றுபோகும். பெற்றோர் ஒரு நாள் கூலியை விட்டு இ-சேவை மையத்தில் நிற்பார்கள், 'சர்வர் இல்லை' என்று திருப்பி அனுப்புவார்கள். இது உங்களால் முடிகிற வேலை. பதினோராம் வகுப்பு முதல் கிடைக்கிற உதவித்தொகைக்கு வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் என்பதையும் வீடு வீடாகச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, தவறிய பிள்ளைகள். பத்தாம் வகுப்பு முடிவு வந்த சில நாட்களிலேயே துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முடிவு வந்த அன்று சாயங்காலமே தவறியவர்கள் வீட்டுக்குப் போங்கள். அது ஆபத்தான இரவும்கூட. பிள்ளையைத் தனியே விடாதீர்கள், வீட்டில் யாரும் திட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் விண்ணப்பம். அதன் பிறகு சமுதாயக் கூடத்திலோ சர்ச் வராந்தாவிலோ தினமும் இரண்டு மணி நேரம் கணக்கும் ஆங்கிலமும். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கு அங்கிருந்தே தொடங்குங்கள், கேலி இல்லாமல்.

ஆறாவது, விடுதி. அரசு மாணவர் விடுதிகளுக்கு 2025-இல் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வைத்தார்கள். பள்ளி மாணவருக்கு உணவுப் படி 2023-இல் மாதம் ஆயிரத்து நானூறாக உயர்ந்தது. ஒரு நாளைக்கு மூன்று வேளைக்கும் சேர்த்து நாற்பத்தேழு ரூபாய்கூட இல்லை. அந்தக் காசிலும் எவ்வளவு தட்டுக்கு வருகிறது என்று போய்ப் பாருங்கள். முன்னாள் மாணவர் என்ற முறையில் மாதம் ஒருமுறை பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். சூளைக்குப் போகிற குடும்பத்தின் பிள்ளைக்கு, விடுதி ஒழுங்காக இருந்தால் மட்டுமே படிப்பு தொடரும்.

ஏழாவது, தொல்லை கொடுத்தால் புகார். இதில் மிகுந்த கவனம் வேண்டும். நாங்குநேரியில் புகார் சொன்ன பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்கவில்லை. பிள்ளையை முன்னிறுத்தாதீர்கள். பெரியவர்கள் எழுத்தில் புகார் கொடுங்கள், நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள், பாதுகாப்பும் சேர்த்துக் கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, கல்வித் துறையின் உதவி எண் 14417. இரண்டையும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வையுங்கள்.

"இது அரசு வேலை இல்லையா?"

இதைக் கேட்கிற தோழர்கள் உண்டு. தொண்டு நிறுவனம் போல ஆகிவிடுவோம், அரசியல் நீர்த்துவிடும் என்பார்கள். அரசு வேலைதான். அதனால்தான் கோரிக்கைகளும் வேண்டும். கல்வி உரிமையைப் பதினெட்டு வயது வரை நீட்டியாக வேண்டும். சத்துணவு பன்னிரண்டாம் வகுப்பு வரை கொடுக்க வேண்டும். சைக்கிளை ஒன்பதாம் வகுப்பில் கொடுத்தால் என்ன? சந்துரு குழு சொன்ன பள்ளி நல அலுவலர் எங்கே? எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளியை அளக்கிற கணக்கு மாற வேண்டும். எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று கேட்காமல், ஒன்பதில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டை முடித்தார்கள் என்று ஒவ்வொரு பள்ளியும் அறிவிக்க வேண்டும். அப்படிக் கேட்டால், பலவீனமான பிள்ளையை வெளியே தள்ளுவது பள்ளிக்கு லாபமாக இருக்காது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு முக்கால் பங்கு இடம் சட்டத்திலேயே இருக்கிறது. நம் தெருத் தாய்மார்கள் அதில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்கட்டும். கோரிக்கைக்கு வலு சேர்ப்பது உங்கள் கையிலிருக்கும் நோட்டு. 'பல பிள்ளைகள் நிற்கிறார்கள்' என்பதைவிட 'எங்கள் தெருவில் பதினொரு பேர், இன்ன காரணம்' என்று சொல்வதை அதிகாரி தட்டிக்கழிக்க முடியாது.

"படிச்சவனுக்கே வேலை இல்ல, இதுல பத்தாவது படிச்சு என்ன?" என்று பிள்ளைகளே கேட்பார்கள். நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். பத்தாவது முடித்தால் வேலை உறுதி என்று பொய் சொல்லாதீர்கள். ஆனால் குரூப் 4 தேர்வு எழுதப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். அந்தச் சான்றிதழ் கையில் இல்லாதவருக்குப் பதினெட்டு சதவீத இட ஒதுக்கீடு இருந்தும் இல்லாததுதான். நம் தாத்தாக்களும் தலைவர்களும் போராடி வாங்கிய உரிமையின் வாசலில் பத்தாம் வகுப்பு என்று எழுதியிருக்கிறது. எந்தச் சான்றிதழும் கேட்காமல் காலம் காலமாக நம்மிடம் நீட்டப்படுகிற வேலை எது என்று அந்தப் பிள்ளைக்கே தெரியும்.

ஜூனில் பள்ளி திறக்கும். உங்கள் தெருவில் இந்த ஆண்டு எட்டை முடித்து ஒன்பதுக்குப் போகிறவர்கள் யார் யார் என்று இன்றைக்கே பெயர் எழுதுங்கள். பத்துப் பேருக்கு மேல் இருக்காது. அவர்கள் ஒவ்வொருவரும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு அறைக்குள் உட்காருகிற நாள் வரை அந்தப் பட்டியலைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஜெய்பீம்.